மொஸ்கோவில் படித்த சீமோன் அங்கிள்

அக்கா, வேரோனிக்கா அன்ரி போன் எடுத்து அழுததாகச் சொன்னீர்கள். அழுதது உண்மை. ஆனால் கதை தலைகீழாக உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சீமோன் அங்கிளை ரஷ்யப் பொலிஸ் பிடிக்கவில்லை. நான் ரஷ்யர்களிடம் வேலைக்குப் போய்ச் சேரவும் இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பஸ் தரிப்பில் நிற்கிறேன், விரல் விறைத்துவிட்டது. அதனால் போனுக்குச் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இடையில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அம்மா நவநாள் செபம் தொடங்கிவிடுவார்.

நான் பிறம்ரனில் வெயார்ஹவுசில் பெட்டி தூக்குவது உங்களுக்குத் தெரியும். ஸ்காபரோவில் அங்கிள் வீட்டிலிருந்து போக இரண்டரை மணித்தியாலம், வர இரண்டரை மணித்தியாலம். பஸ்ஸில் நித்திரை கொண்டு கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. அப்போதுதான் ஒரு நடைச் சுற்றுலாவுக்கு வழிகாட்டி தேவை என்ற விளம்பரம் கண்டேன். சுற்றுலாவின் பெயர் 'சோவியத் ரொறன்ரோ'. நடத்துபவர் லுட்மிலா என்று அறுபது வயதுப் பெண்மணி. ரஷ்யாவுக்குப் பக்கத்து நாட்டில், மின்ஸ்க் நகரத்தில் பிறந்தவர். அவரை ரஷ்யாக்காரி என்று யாரும் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்கமாட்டார்.

ரொறன்ரோவில் சோவியத் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் நேர்முகத்தில் அதைத்தான் கேட்டேன். லுட்மிலா யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"இந்தப் பெட்டி மாடிகளைப் பார். இதே காலத்தில்தான் நாங்களும் அங்கே இதையே கட்டினோம். ஒருவரையொருவர் எதிரி என்று சொல்லிக்கொண்டு, ஒரே கொங்கிறீற்றை ஊற்றினோம். அதைத்தான் நான் காட்டுகிறேன்."

பிறகு, உனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அந்த நேரம் வாயில் வந்தது சீமோன் அங்கிள்தான்.

"என்னுடைய அங்கிள் மொஸ்கோவில் எஞ்சினியரிங் படித்தவர்."

அக்கா, அது பொய் என்று எனக்குத் தெரியாது. பாசையூரில் அவருக்குப் பெயரே மொஸ்கோ சீமோன்தானே! உங்கள் கலியாண அல்பத்தில் கூட அவர் படத்துக்குக் கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறது. லுட்மிலா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். மறுநாள் அவருடைய இணையப் பக்கத்தில், 'சிறப்பு விருந்தினர்: மொஸ்கோவில் பயின்ற பொறியியலாளர்' என்று பெரிய எழுத்தில் வந்துவிட்டது.

வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு சனிக்கிழமை முழுச் சுற்றுலாவையும் நான் நடத்திக் காட்ட வேண்டும். லுட்மிலா ஒரு சின்னக் கொப்பியோடு பின்னால் வருவார். நான் பிழையான தகவல் ஒன்று சொன்னால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் நான் திரும்பவும் பிறம்ரனுக்கு. எனக்கு முன் வந்தவருக்கு இரண்டாவது கட்டடத்திலேயே மூன்று கோடும் விழுந்ததாம். மிச்ச வழி அவர் வெறும் பார்வையாளராக நடந்து வந்தாராம்.

சனிக்கிழமை காலை அங்கிள் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு நின்றார். அவர் ஸ்காபரோவில் பதினான்கு மாடி அப்பார்ட்மென்ற் ஒன்றுக்கு சூப்பரின்ரென்டன். பைப் உடைந்தால், லிப்ற் நின்றால் ஓடிப்போகிறவர். அந்தக் கோட்டை மகள் செரீனாவின் கலியாணத்துக்குப் பிறகு அன்றுதான் வெளியே எடுத்தார். அன்ரி நாற்பது றோல்ஸ் பொரித்து ஒரு பெரிய ரின்னில் அடுக்கியிருந்தார்.

"ஆறு பேர்தான் அன்ரி வருவினம்."

"ஆறு வெள்ளைக்காரர் எண்டால் பசியாதோ? என்ர மனுசன் லெக்சர் குடுக்கப் போறார். வெறுங்கையோட போகேலுமே?"

சப்வேயில் அன்ரிக்கு முன்பக்கம் இருக்கை கிடைத்தது. ரின்னை மடியில் வைத்துக்கொண்டு செபமாலையை எடுத்தார். நானும் அங்கிளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"உந்த ஓனர் மனுசி இத்தாலிக்காரியோ?" என்று அங்கிள் கேட்டார்.

"இல்லை அங்கிள், மின்ஸ்க். உங்களோட ரஷ்யன் கதைக்க ஆசையோட நிக்கிறா."

அங்கிளின் கை கம்பியிலிருந்து நழுவியது. ரயில் குலுங்கியதில் அவர் ஒரு சீனக் கிழவரின் மடியில் போய் இருந்து, மன்னிப்புக் கேட்டு எழும்பி வந்தார்.

"தம்பி, உதை முதலே சொல்லியிருக்கக்கூடாதோ?"

"ஏன் அங்கிள்? மறந்துபோச்சோ?"

"மறக்கிறதுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்." அன்ரி பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எனக்கு மூண்டு சொல்லுத்தான் தெரியும். நான் மொஸ்கோவில படிக்கேல்லையடா."

"அப்ப என்ன செய்தனீங்கள் அங்க?"

"இருந்தனான். களவா வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்ற் கொண்டுபோய் ஒரு வீட்டுக்குள்ள விட்டவன். பதினாலு பேர், ஒரு அறையும் குசினியும். எட்டு மாதம். வான் வண்டிக்குள்ள மூடிக் கொண்டுவந்தவன், வானில மூடிக் கொண்டுபோனவன். யன்னலை விட்டா வேற ஒண்டும் இல்லை."

"ஊர் முழுக்கப் படிச்சனீங்கள் எண்டு..."

"நான் ஒருநாளும் படிச்சனான் எண்டு சொல்லேல்லை. இஞ்ச வந்த புதிசில ஒருத்தர் கேட்டார், எட்டு மாதம் எங்க நிண்டனீர் எண்டு. மொஸ்கோ எண்டன். படிக்கவோ எண்டார். நான் மறுக்கேல்லை. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு கலியாணப் புரோக்கர் எஞ்சினியர் எண்டு சேர்த்துப்போட்டான். வேரோனிக்காவின்ர தகப்பன் சுறுக்கா ஓமெண்டிட்டார். பிறகு எந்த இடத்தில நிப்பாட்டுறது, சொல்லு பாப்பம்?"

நிப்பாட்ட வேண்டிய இடம் வந்துவிட்டது. ஷேர்பேர்ன் ஸ்ரேஷன். இறங்கும்போது அங்கிள் என் தோளில் தட்டி, "பயப்பிடாத. நான் தொண்டை நோ எண்டு சமாளிக்கிறன்" என்றார். எனக்கு ஒரு கோடு ஏற்கனவே விழுந்துவிட்டது போலத்தான் இருந்தது.

சென் ஜேம்ஸ் ரவுணில், மாடிகளுக்கு நடுவில் காற்று ஊளையிடும் ஒரு மூலையில் லுட்மிலா நின்றார். ஜேர்மனியிலிருந்து ஒரு வயதான சோடி, வினிபெக்கிலிருந்து இரண்டு பெண்கள், கமராவோடு இரண்டு மாணவர்கள் வந்திருந்தார்கள். லுட்மிலா அங்கிளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மழை கொட்டுவது போல ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். எல்லோரும் அங்கிளைப் பார்த்தோம். அங்கிள் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சாவ்த்ரா."

லுட்மிலா ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். "நாளைக்காம்! சரியான சோவியத் பதில்!"

அன்ரி என் முழங்கையை இடித்தார். "பாத்தியே? தண்ணி மாதிரிக் கதைக்கிறார்."

அங்கிள் பிறகு எனக்குச் சொன்னார். அந்த வீட்டுக்கு நாளும் பாணும் முட்டைக்கோவாவும் கொண்டுவந்த ஆள், எப்போது போகிறோம் என்று கேட்டால் சொல்கிற ஒரே சொல் அதுதானாம். முதல் ஒரு மாதம் அது அவனுடைய பெயர் என்று நினைத்து, 'சாவ்த்ரா அண்ணை' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் சுற்றுலாவைத் தொடங்கினேன். மொத்தம் பத்தொன்பது கட்டடங்கள், அறுபதுகளில் கட்டியவை, எல்லாம் பாடமாக்கியபடி வந்தது. இரண்டாவது கட்டடத்துக்கு முன்னால் ஆளுயரத்தில் ஒரு கொங்கிறீற் உருளை நின்றது. மேலே சாய்வாக ஒரு தலை. என் தாளில் 'நினைவுச் சின்னம், கட்டடத்துக்கு முன்' என்று இருந்தது. இதுதான் என்று நினைத்தேன். தொழிலாளியின் குனிந்த தலை, தனிமை, நகரத்தின் மௌனம் என்று நாலு நிமிடம் பேசினேன். ஜேர்மன்காரர் தொப்பியைக் கழற்றினார். அன்ரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

அங்கிள் என் காதுக்குள் சொன்னார். "தம்பி, அது அண்டகிறவுண்ட் பார்க்கிங்கின்ர காத்துப் போற குழாய்."

"சத்தியமாவோ?"

"என்ர பில்டிங்கில மூண்டு நிக்குது. வருசத்துக்கு ரெண்டுதரம் புறாக்கூடு இழுத்தெடுக்கிறனான்."

என்ன செய்ய! திரும்பி நின்று, "மன்னிக்கவும், இது காற்றுக் குழாய்" என்றேன். ஜேர்மன்காரர் தொப்பியைத் திரும்பப் போட்டார். லுட்மிலா கொப்பியை விரித்து ஒரு கோடு போட்டார். உண்மையான நினைவுச் சின்னம் மற்றப் பக்கத்தில், எங்கள் முழங்கால் உயரத்தில் நின்றது; அதில் யாரோ ஒரு சைக்கிளைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள்.

"நான் அந்தக் குழாய்க்கோ சிலுவை போட்டனான்?" என்று அன்ரி கேட்டார்.

"பரவாயில்லை அன்ரி."

"உனக்குப் பரவாயில்லை. ஆண்டவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

இரண்டாவது கோடும் நெடுநேரம் காக்க வைக்கவில்லை. இந்தக் கட்டடம் இருபத்துநாலு தட்டு என்று சொன்னேன். லிப்ற்றில் கடைசி இலக்கம் அதுதான், முதல் நாள் போய்ப் பார்த்து எழுதினேன். ஜேர்மன்காரரின் மனைவி கழுத்தை வளைத்து யன்னல்களை எண்ணினார். இருபத்துமூன்று. இன்னொருதரம் எண்ணினார். அதே இருபத்துமூன்று. அங்கிள்தான் விளக்கினார், இங்கே ராசியில்லை என்று பதின்மூன்றாம் இலக்கத்தை விட்டுவிடுவார்கள், பன்னிரண்டுக்கு மேலே நேராகப் பதினாலு என்று. எல்லோருக்கும் அது பிடித்துக்கொண்டது. மாணவர்கள் இருவரும் அங்கிளைப் படம் எடுத்தார்கள். எனக்குக் கோடு விழுந்தது. இரண்டு.

கொப்பியை அங்கிளும் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்து இரண்டு விரலை மெதுவாகக் காட்டினார். எனக்கு அது தெரியாதது போல!

காற்று கூடிவிட்டது. குளிருக்குப் பழகிய வினிபெக் பெண்களுக்கே குளிர்ந்தது என்றால் பாருங்கள். ஒரு கட்டடத்தின் சூப்பரின்ரென்டன் மரியோ என்பவர், அங்கிளுக்குத் தெரிந்தவர். அவரைக் கேட்டு எங்களை லொபிக்குள் விட்டார் அங்கிள். அன்ரி உடனே ரின்னைத் திறந்தார். ஆளுக்கு இரண்டு றோல்ஸ். லுட்மிலாவும் சாப்பிட்டார். கோடு போடும் கையில் எண்ணெய் பட்டது எனக்கு ஒரு நிம்மதி.

"இப்போது எங்கள் பொறியியலாளர் பேசட்டும்," என்றார் லுட்மிலா. பிறகு ரஷ்ய மொழியில் அங்கிளிடம் ஏதோ சொன்னார்.

அங்கிள் உதட்டில் விரலை வைத்து, கூரையைப் பார்த்து, "தீஹா" என்றார்.

அது அவருடைய இரண்டாவது சொல். 'சத்தம் போடாதே'. கட்டடத்தின் அமைதியை உணரச் சொல்கிறார் என்று நினைத்து எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திக் காது கொடுத்தார்கள். லிப்ற்றின் மோட்டர் உறுமியது. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. கமராக்காரப் பெடியன், "வாவ்" என்றான்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது அக்கா. இன்னும் இருபது நிமிடம், ஒரேயொரு கட்டடம். இப்படியே போனால் தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து பீற்சா கொண்டுவந்த ஒருவர், இரண்டு கையிலும் பெட்டி, பூட்டிய கண்ணாடிக் கதவை முழங்காலால் அடித்தார். டம், டம், டம். நான் திறக்கப் போனேன்.

"நி அத்கிறிவாய்!"

அங்கிளின் குரல்தான். ஆனால் நான் அதுவரை கேட்காத குரல். திரும்பிப் பார்த்தேன். அங்கிள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரு கை அன்ரியின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் வைத்திருந்தது. றோல்ஸ் ஒன்று நிலத்தில் உருண்டது.

மரியோ போய்க் கதவைத் திறந்தார். பீற்சா போனது. அங்கிள் மெதுவாகக் கையை எடுத்துக் கோட்டைச் சரிசெய்தார்.

"திறக்காதே," என்றார் லுட்மிலா, ஆங்கிலத்தில். "இதைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தர மாட்டார்களே. யார் சொல்லித் தந்தது?"

"நான் இருந்த இடத்தில," என்றார் அங்கிள்.

"எப்படியான இடம்?"

அங்கிள் சொல்லத் தொடங்கினார். ஒன்பதாம் தட்டு. பெரிய யன்னலுக்குள் ஒரு சின்ன யன்னல், அது மட்டும் திறக்கும். யன்னலுக்குக் கீழே சூடேற்றும் இரும்பு, அதில்தான் உடுப்புக் காயப் போடுவது. படிக்கட்டுப் பக்கச் சுவருக்குள்ளால் குப்பை போகும் குழாய். அதில் காதை வைத்தால் மேல்வீட்டுச் சண்டை முழுக்கக் கேட்கும். மேல்வீட்டு மனுசன் ஒற்றைக் காலை இழுத்து நடப்பான். எதிர்க் கட்டடத்தில் எழுபத்திரண்டு யன்னல். லுட்மிலா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அந்தச் சின்ன யன்னலுக்கு மட்டும் ரஷ்ய மொழியில் ஒரு பெயர் சொன்னார். அங்கிள் அதை முதல் தடவையாகக் கேட்டு, தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

அப்போது வினிபெக் பெண்களில் ஒருவர் கேட்டார். "வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் கட்டடம் என்ன நிறம்?"

சாம்பல் என்று சொன்னால் போதும், அக்கா. உலகத்தில் சோவியத் கட்டடம் என்றால் சாம்பல்தான். சாம்பல் என்று சொல்லுங்கோ அங்கிள், சாம்பல் என்று சொல்லுங்கோ என்று நான் அந்தோனியாரை மன்றாடினேன். அங்கிள் வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார், லுட்மிலாவின் கொப்பியைப் பார்த்தார், கடைசியாக அன்ரியைப் பார்த்தார்.

"தெரியாது. நான் வெளியில நிண்டு பாத்ததில்லை."

பிறகு, காலையில் சப்வேயில் எனக்குச் சொன்னதை எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னார். ஏஜென்ற், வான், பதினாலு பேர், எட்டு மாதம்.

முதலில் பேசியது அன்ரி. தமிழில்தான்.

"அப்ப கம்பஸ்?"

"கம்பஸ் இல்லை, வேரோனிக்கா."

"எஞ்சினியரிங்?"

"அதுவும் இல்லை."

"முப்பத்திரண்டு வருசம்! செரீனாவின்ர ஸ்கூல் போம் எல்லாத்திலயும் தகப்பன்ர படிப்பு எண்ட இடத்தில மொஸ்கோ, மொஸ்கோ எண்டு நான் இந்தக் கையால எழுதினனான்!" ரின்னின் மூடியை அடித்து மூடினார். திடீரென்று வேறொன்று நினைவு வந்தது. "ஐயோ ஆண்டவரே! எங்கட கோயில் பங்கு மண்டபம்! நீங்கள் எஞ்சினியர் எண்டுதானே கட்டடக் குழுவுக்குத் தலைவராப் போட்டவை? அந்த மேடையைப் பலமா இருக்கு எண்டு கையெழுத்து வைச்சது ஆர்?"

"நான்தான். நல்லாத்தானே நிக்குது?"

"போன நத்தார் கரோலுக்கு எழுபது பிள்ளையள் அதில ஏறி நிண்டு பாடினதுகள்!"

"அதுதான் சொல்லுறன், நிக்குதெண்டு."

அன்ரி அழத் தொடங்கினார். வினிபெக் பெண்கள் இருவரும் இரண்டு பக்கமும் நின்று அணைத்துக்கொண்டார்கள். ஏஜென்ற்றின் வீட்டை நினைத்து அழுகிறார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் பங்கு மேடையை நினைத்து அழுதார்.

லுட்மிலா கொப்பியை விரித்தார். நான் லொபியின் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பிறம்ரன் பஸ்ஸில் இருந்தவன் போலக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"நீ எனக்கு எஞ்சினியர் என்று சொன்னாய்," என்றார்.

"ஓம். பிழை. நான் அப்படித்தான் நம்பினேன்."

"இவர்களுக்குச் சொல்."

நான் ஆறு பேரையும் பார்த்து, எங்கள் சிறப்பு விருந்தினர் பொறியியலாளர் இல்லை, நான் கொடுத்த தகவல் பிழை என்றேன். ஜேர்மன்காரர், "பரவாயில்லை, இன்னும் றோல்ஸ் இருக்கிறதா?" என்றார்.

லுட்மிலா பேனையை என் பெயருக்கு நேரே கொண்டுபோனார். நிறுத்தினார். "இணையத்தில் எழுதியது யார்? நான். விசாரித்தேனா? இல்லை." பக்கத்தைத் திருப்பினார். அங்கே அவருடைய சொந்தப் பெயர் இருந்தது, அக்கா. அதற்குக் கீழே ஏற்கனவே இரண்டு கோடு. பேனை அந்தரத்தில் நின்றது. தன்னையே வேலையால் நிறுத்துவதா என்று யோசித்திருப்பார் போல. கொஞ்ச நேரம் கழித்து, புதுப் பக்கம் ஒன்றை எடுத்து, திகதி போட்டு, அதில் தன் பெயருக்கு ஒரு கோடு போட்டார்.

"அடுத்த சனி பத்து மணி," என்றார் என்னிடம். "காற்றுக் குழாயைத் தாளில் சேர். இவரும் வர வேண்டும். எஞ்சினியர் என்பதை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். என்ன என்று போட?"

அங்கிள் யோசித்தார். "சூப்பரின்ரென்டன் எண்டு போடுங்கோ. அதுக்கு என்னட்ட சேர்ட்டிபிக்கற் இருக்கு."

திரும்பி வரும்போது அன்ரி ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். அங்கிளிடம் நான் கேட்டேன், சாம்பல் என்று சொல்லியிருக்கலாமே என்று.

"சொல்லத்தான் பாத்தன்," என்றார். "ஆனா அவ கேட்டாப் பிறகு, அது உண்மையா என்ன நிறமாயிருக்கும் எண்டு எனக்கும் அறிய வேணும் போல வந்திட்டுது. உதை முந்தி ஒருத்தரும் கேக்கேல்லை."

அன்ரி ஐந்து நாள் அங்கிளோடு பேசவில்லை. சாப்பாடு போட்டார், ஆனால் சாப்பாட்டுக் கோப்பையை என்னிடம் தந்து கொடுக்கச் சொன்னார். உங்களுக்குப் போன் எடுத்ததும் அந்த நாட்களில்தான். கோயிலில் மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உயிர்ப்பு ஞாயிறு நாடகம் முடியும் வரைக்கும் மேடை நிற்கட்டும், பிறகு பார்ப்போம் என்றாராம். நீங்களும் பாசையூரில் வாய் திறக்காதீர்கள். அம்மாவிடம் சத்தியம் வாங்குங்கள்.

இன்றைக்கு அடுத்த சனிக்கிழமை. இப்போதுதான் முடிந்தது. ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் அன்ரி. இணையத்தில் தன் பெயரைப் பதிந்து, எல்லோரையும் போல நெஞ்சில் பெயர் ஒட்டிக்கொண்டு, முன்வரிசையில் வந்து நின்றார். றோல்ஸ் இல்லை. அங்கிள் தன் கதையைச் சொல்லி முடிக்க, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்று நான் சொன்னவுடன் அவருடைய கைதான் முதலில் உயர்ந்தது.

"உந்தப் பதினாலு பேரில பொம்பிளையளும் இருந்தவையோ?"

அங்கிள் தொண்டையைச் செருமினார். "ஓம். ரெண்டு பேர்."

"வடிவோ?"

லுட்மிலா என்னைப் பார்த்தார். "மொழிபெயர். அப்படியே."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். மற்ற எட்டுப் பேரும் ஒரு அடி கிட்ட வந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கட்டடத்தைப் பார்க்கவில்லை.

"எட்டு மாதமும் குளிர், வேரோனிக்கா," என்றார் அங்கிள். "எல்லாரும் தலையோட கம்பளி போர்த்துக்கொண்டு இருந்தனாங்கள். ஆர் ஆரின்ர முகத்தைப் பாத்தது?"

அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். கோட்டின் கழுத்து மடிந்திருந்ததை இழுத்துச் சரிசெய்தார்.

"சரி, சரி. அடுத்த பில்டிங்குக்கு நடவுங்கோ," என்றார் எங்கள் எல்லோருக்கும்.